மடக்குவதற்கு முன்னால் முட்டி நீளட்டும்

வாசகர் கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். என் அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முட்டியிலும் பல வருடமாகத் தேய்மானம். ஏழு வாரத்துக்கு முன்னால் இடது முட்டிக்கு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒரு பிசியோதெரபிஸ்ட் பத்து நாள் வந்துபோனார். அம்மா வலியில் கத்துவதைப் பார்க்கப் பொறுக்காமல் நாங்களே நிறுத்திவிட்டோம். போன வாரம் அளந்தபோது 80 டிகிரிதான் மடங்குகிறது என்றார்கள். அதே மாதம் ஆபரேஷன் செய்த பக்கத்துத் தெரு அம்மாவுக்கு 115 டிகிரி வந்துவிட்டது. மடக்கினால் தையல் பிரிந்துவிடும், உள்ளே வைத்தது கழன்றுவிடும் என்று அம்மா பயப்படுகிறார். இரவில் முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது. வாக்கர் பிடித்து நடக்கிறார். கால் கொஞ்சம் வளைந்தே இருக்கிறது. எண்ணெய் போட்டு உருவி மடக்கிவிடும் வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொல்கிறார் என் சித்தப்பா. அடுத்த பரிசோதனை மூன்றாம் மாதம். ஆபரேஷன் வீணாகிவிட்டதா? அம்மா பழையபடி நடப்பாரா, தரையில் உட்காருவாரா?

— திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆபரேஷன் வீணாகவில்லை. ஏழாவது வாரத்தில் 80 டிகிரி என்பது பின்தங்கிய நிலைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவர்கள் இந்த நேரத்துக்குள் 100, 110 டிகிரிக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் நிலைமை கைமீறிப் போகவில்லை. முதல் மூன்று மாதம் அசைவு வேகமாகத் திரும்பும். அதன் பிறகும் ஒரு வருடம் வரை மெதுவாகக் கூடும். பலம் திரும்புவதற்கு இன்னும் அதிக காலம் பிடிக்கும்.

ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள். மூன்றாம் மாதப் பரிசோதனை வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஆபரேஷன் செய்த டாக்டருக்கு போன் போட்டு, ஏழு வாரத்தில் 80 டிகிரிதான் மடங்குகிறது, காலை முழுதாக நீட்டவும் முடியவில்லை என்று சொல்லி நேரம் வாங்குங்கள். மூட்டுக்குள் தழும்புத் திசு வளர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால், மயக்க மருந்து கொடுத்து டாக்டரே முட்டியை மெதுவாக மடக்கிவிடும் ஒரு முறை இருக்கிறது. அதற்கு வெட்டோ தையலோ கிடையாது. பயிற்சி செய்தும் 90 டிகிரியைத் தொடாதவர்களுக்குத்தான் பொதுவாக அதை யோசிப்பார்கள். ஆபரேஷன் ஆகி 12 வாரத்துக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும். நாள் போகப்போக அந்தத் திசு முதிர்ந்து இறுகிவிடும். உங்கள் அம்மாவுக்கு அது தேவைப்படும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த இரண்டு மூன்று வாரம் பயிற்சி ஒழுங்காக நடந்தால் தேவைப்படாமலே போகலாம். ஆனால் தேவையா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டிய காலம் இதுதான். மூன்று மாதம் கழித்துப் போனால் அந்த வாய்ப்பு சுருங்கியிருக்கும்.

அப்புறம் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் பெரும்பாலும் மடங்குவதைப் பற்றியது. வீட்டில் எல்லோரும் கேட்பதும் அதையேதான்: எத்தனை டிகிரி மடங்குகிறது? எனக்குக் கவலை தந்தவை வேறு இரண்டு வரிகள். முட்டிக்கு அடியில் தலையணை, நடக்கும்போது வளைந்த கால். உங்கள் அம்மாவின் முட்டி முழுதாக நீளவில்லை. என்னைக் கேட்டால், மடங்காததைவிட இதுதான் அவசரம்.

நாம் நேராக நிற்கும்போது முட்டி முழுதாக நீண்டு, எலும்பு எலும்பின்மேல் அமர்ந்துவிடுகிறது. தொடையின் முன்பக்கத் தசைக்கு அப்போது அதிக வேலை இல்லை, ஓய்வு கிடைக்கிறது. முட்டி 10, 15 டிகிரி வளைந்தே நின்றால் அந்த ஓய்வு போய்விடும். நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிடம் அரை உட்காரலாக நின்று பாருங்கள், உங்கள் தொடையே சொல்லும். அம்மா அடுப்படியில் நின்றாலும் அதே நிலைதான், அதுவும் ஆபரேஷனால் பலமிழந்த தசையோடு. வளைந்த கால் நீளத்திலும் குறைந்துபோகும். நடை சாய்ந்து இடுப்பு வலிக்கும். ஏற்கெனவே தேய்ந்திருக்கும் வலது முட்டியின் மேல் பாரம் கூடும். மடங்குவதில் பத்து டிகிரி குறைந்தால் ஒருவர் சமாளித்துக்கொள்வார். நீளுவதில் பத்து டிகிரி குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

தலையணை வைத்தால் சுகமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆபரேஷனான மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும். முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கும்போதுதான் அந்த நீருக்கு உள்ளே இடம் அதிகம், அழுத்தம் குறைவு. நீட்டினால் அழுத்தம் ஏறும், வலிக்கும். அதனால் உடம்பு தானாகவே அந்த வளைந்த நிலையைத் தேடுகிறது. இரவெல்லாம் அப்படியே கிடந்தால் பின்பக்கச் சவ்வும் தசைகளும் அந்த நீளத்துக்கே சுருங்கிப் பழகிவிடும். பகலில் அரைமணி நேரம் பட்ட கஷ்டத்தை இரவு ஏழு மணி நேரம் அழித்துவிடும்.

எனவே இன்று இரவே அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று இரவு தூக்கம் கெடும். அம்மாவிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படுக்கும் முன் 15 நிமிடம் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி முட்டியின் மேலும் பக்கவாட்டிலும் வையுங்கள். தலையணை இல்லாமல் முடியவே முடியாது என்றால், கெண்டைக்காலிலிருந்து குதிகால் வரை தாங்குவதுபோல் வையுங்கள், முட்டிக்கு நேர் அடியில் வேண்டாம்.

பகலில் செய்ய வேண்டியது இது. அம்மாவைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு டர்க்கி டவலைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டிக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது, அது அந்தரத்தில் தொங்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்துப் பத்து நிமிடம் வரை, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. முட்டிக்குப் பின்னால் நரம்பு இழுப்பது போலிருக்கும். இழுக்கத்தான் வேண்டும். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்துவிடாமல் விரல்கள் மேலே பார்த்தபடி இருக்கட்டும். சாய்ந்தால் முட்டி தந்திரமாக மடங்கிக்கொள்ளும்.

அதே நிலையில் இன்னொரு பயிற்சி. முட்டியின் பின்பக்கத்தைக் கட்டிலை நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். அப்போது உங்கள் உள்ளங்கையை அம்மாவின் முட்டிக்கு நாலு விரல் மேலே, தொடையின் உட்பக்கமாக வைத்துப் பாருங்கள். முதலில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். அம்மா மூச்சைப் பிடிப்பார், பிருஷ்டத்தை இறுக்குவார், குதிகாலால் டவலை அமுக்குவார். நம் கைக்கடியில் தசை மட்டும் தொளதொளவென்று அப்படியே கிடக்கும். விடாதீர்கள். வலது காலிலும் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்தச் சொல்லுங்கள். வேலை செய்கிற கால் மற்றக் காலுக்கு வழிகாட்டும். தசை விழித்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் முட்டிச் சில்லு தொடைப் பக்கமாக ஒரு நூலளவு ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதை அம்மாவையும் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கியபடி ஐந்து எண்ண வேண்டும், வாய்விட்டு எண்ணினால் மூச்சடக்க மாட்டார். ஒரு தடவைக்குப் பத்து போதும்.

தசை ஏன் இப்படிச் செத்துக் கிடக்கிறது என்று வீட்டில் பலர் திகைக்கிறார்கள். சரியாகச் சாப்பிடாததால் என்று நினைத்து சூப்பும் டானிக்கும் கொடுக்கிறார்கள். முட்டை, பருப்பு, மீன் எல்லாம் தேவைதான், தசை வளர அவைதான் கச்சாப்பொருள். ஆனால் இங்கே நடப்பது வேறு. மூட்டு வீங்கியிருந்தால், அங்கிருந்து போகும் நரம்புச் சேதி முதுகுத்தண்டிலேயே முன்தொடைத் தசையை அடக்கிவிடுகிறது. 1980களில் ஆரோக்கியமான முட்டிகளுக்குள் உப்புநீரை ஊசியால் ஏற்றிச் சோதித்தார்கள். வெறும் 20, 30 மில்லி, அதாவது இரண்டு மேஜைக்கரண்டி அளவு நீர் சேர்ந்தபோதே தொடையின் உட்பக்கத் தசை அடங்க ஆரம்பித்தது. அவர்களுக்கு வலியோ காயமோ இல்லை, நீர் மட்டும்தான். முட்டி மாற்று அறுவைக்குப் பிறகு ஒரு மாதத்தில் இந்தத் தசை தன் பலத்தில் பாதிக்கும் மேல் இழந்துவிடுவதையும் அளந்திருக்கிறார்கள். எனவே வீக்கத்தைக் குறைப்பதும் பலப்பயிற்சியில் ஒரு பாகம்தான். ஐஸ், காலை உயர்த்தி வைப்பது, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, ஒரே மூச்சில் ரொம்ப நேரம் நிற்காமல் இருப்பது, எல்லாமே இதற்குள் அடங்கும். இரண்டு வாரம் முயன்றும் தசை இறுகவில்லை என்றால், மின்தூண்டல் கொடுத்து அதை எழுப்பும்படி பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். இந்தத் தசைக்கு அதனால் நல்ல பலன் கிடைக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். குதிகாலைத் தாங்கி வைத்துத் தளர்வாக விட்டால் முட்டி முழுதாக நீள்கிறதா? நீண்டும், அம்மா தானாகக் காலைத் தூக்கும்போது வளைந்து தொங்குகிறது என்றால் குறை தசைப் பலத்தில் இருக்கிறது. தளர்வாக விட்டாலும் நீளவில்லை என்றால் மூட்டுக்குள் இறுக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. டாக்டரிடம் போகும்போது இதைச் சொன்னால் அவருக்கு வேலை சுலபமாகும்.

சரி, மடக்குவதற்கு வருவோம். அம்மாவின் பயத்தை முதலில் தீர்க்க வேண்டும், பயந்தவர் தசையை இறுக்கிக்கொண்டு மடக்க விடமாட்டார். தோலில் போட்ட தையல் அல்லது கிளிப்பை இரண்டு வாரம் வாக்கில் எடுத்திருப்பார்கள். புண் காய்ந்து மூடியிருந்தால் ஏழாவது வாரத்தில் மடக்குவதால் பிரியாது. உள்ளே வைத்த உலோகத்தை எலும்போடு ஒட்டும் சிமென்ட், ஆபரேஷன் மேஜையிலேயே கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும். டாக்டர் தையல் போடுவதற்கு முன்பே முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துத்தான் முடிக்கிறார். அம்மா மயக்கத்தில் இருந்தபோது அந்த முட்டி நன்றாகவே மடங்கியிருக்கும். இன்று தடுப்பது வீக்கமும் தழும்பும் பயமும்தான். இதை ஆபரேஷன் செய்த டாக்டரின் வாயாலேயே அம்மாவிடம் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். மகள் பத்து முறை சொல்வதைவிட அவர் ஒரு முறை சொன்னால் எடுபடும். நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்கிறதா, தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போயிருக்கிறதா, முட்டி தொட்டால் சூடாக இருக்கிறதா? இவையும் அம்மாவைப் பயமுறுத்தியிருக்கும். சத்தம் உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடுவதால் வருவது. மரத்துப்போனது, வெட்டும்போது அறுபட்ட சிறு தோல் நரம்பால். இலேசான சூடு பல மாதம் இருக்கலாம்.

மடக்கும் பயிற்சிக்கு நாற்காலியே போதும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலில் சாக்ஸ் போட்டுக்கொள்ளட்டும். டைல்ஸ் தரையில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினால் பாதம் வழுக்கிக்கொண்டு போகும். முடிந்ததும் மறக்காமல் துடைத்துவிடுங்கள், அதில் யாரும் வழுக்கி விழக் கூடாது. பாதத்தைப் பின்னால் இழுக்க முடிந்த மட்டும் இழுத்து, அங்கே நிறுத்தி, வலது காலை முன்னால் குறுக்கே வைத்து இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும். பத்து எண்ணும் வரை பிடித்துத் தளர்த்தி, மறுபடி. பிருஷ்டம் நாற்காலியை விட்டுத் தூக்கினால் அந்த மடக்கு கணக்கில் வராது. பாதம் எட்டிய இடத்தில் பெருவிரலுக்கு நேராகத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நாற்காலி எப்போதும் அதே டைல்ஸ் கோட்டில் நிற்க வேண்டும். டிகிரி எண்ணை விடக் கோடு நகர்வதைப் பார்ப்பது அம்மாவுக்குத் தெம்பு தரும். பக்கத்துத் தெரு அம்மாவின் 115-ஐ வீட்டில் பேசுவதை விட்டுவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு மடங்கும் என்பதை மற்ற எதையும்விட அதிகமாக முடிவு செய்வது, ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதுதான். அவருடைய முட்டியின் கதை வேறு, உங்கள் அம்மாவின் முட்டியின் கதை வேறு.

வலியைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும், ஏனென்றால் அதனால்தான் நீங்கள் பயிற்சியை நிறுத்தினீர்கள். அம்மா அலறும் அளவுக்கு ஒருவர் முட்டியை அமுக்கினார் என்றால், அந்த முறை எனக்கு உடன்பாடில்லை. பலவந்தமாக மடக்கினால் உள்ளே மறுபடி இரத்தம் கசிந்து, வீக்கம் ஏறி, மறுநாள் முட்டி முன்னைவிட இறுகும். அதற்காக வலியே இல்லாமல் செய்வது என்பதும் நடக்காது. பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால் நாலு, ஐந்து வரை தாங்கலாம். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்தில் அது பழைய நிலைக்கு இறங்க வேண்டும். மறுநாள் காலை டெய்லர் டேப்பால் சில்லுக்கு நடுவே சுற்றளவை எடுங்கள். முந்தின நாளைவிட ஒரு சென்டிமீட்டர் கூடி, கோடும் பின்வாங்கியிருந்தால் நேற்று அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அன்று பாதியாகக் குறையுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் கொடுங்கள். மாத்திரை கெடுதல் என்று தவிர்த்துவிட்டு, வலியால் பயிற்சியையும் தவிர்ப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அதே சமயம், மெடிக்கல் ஷாப்பில் தானாகக் கேட்டு வாங்கும் மாத்திரை வேண்டவே வேண்டாம். சர்க்கரை, பிரஷர், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் ஆபத்து. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பது முட்டிக்கும் சேர்த்துத்தான். புண் ஆறுவதும் கிருமி தொற்றாமல் இருப்பதும் அதைப் பொறுத்தது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, பத்துப் பதினைந்து நிமிடமாக நாலைந்து தடவை பிரித்துச் செய்வது நல்லது.

சித்தப்பா சொல்லும் வைத்தியரிடம் தயவுசெய்து போக வேண்டாம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் உள்ளே இருக்கும் உலோகத்தைப் பற்றித் தெரியாத ஒருவர் பலத்தைக் காட்டி மடக்கினால், அந்த உலோகத்துக்கு மேலே தொடை எலும்பு முறியலாம். சில்லுக்குக் கீழே உள்ள நாண் அறுந்துபோகலாம். டாக்டர் மயக்கம் கொடுத்துச் செய்யும்போதே இந்த ஆபத்தை மனதில் வைத்துத்தான் செய்கிறார். புண் முழுதாக ஆறிய பிறகு, தழும்பின் மேல் தேங்காய் எண்ணெய் தொட்டு விரல் நுனியால் ஐந்து நிமிடம் வட்டமாக நீவி விடலாம். எண்ணெயின் வேலை அவ்வளவுதான்.

எத்தனை டிகிரி எதற்கு உதவும் என்று தெரிந்தால் மனம் சமாதானமாகும். சமதரையில் நடக்க 65 போதும், அது அம்மாவிடம் இருக்கிறது. படி ஏற 85 வேண்டும். சாதாரண உயர நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 95 வாக்கில் வேண்டும். சைக்கிள் பயிற்சிக் கருவியில் மிதி ஒரு முழுச் சுற்று வர 105, 110. ஆக உங்கள் அம்மாவுக்கு இன்னொரு பதினைந்து டிகிரி கிடைத்தாலே அன்றாட வாழ்க்கையில் பெரும்பகுதி திரும்பிவிடும். உலகம் இடிந்துவிடவில்லை.

தரையில் உட்காருவதைப் பற்றி: சம்மணமிடவும் குத்தவைக்கவும் இதைவிட நிறைய மடங்க வேண்டும், முட்டி திரும்பவும் வேண்டும். மாற்று மூட்டு வைத்தவர்களைப் பெரும்பாலான டாக்டர்கள் அதைத் தவிர்க்கத்தான் சொல்கிறார்கள், நானும் அதையே சொல்வேன். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் கமோடு நாற்காலி ஒன்று வாங்குங்கள். பூஜைக்கும் கோயிலுக்கும் நாற்காலியில் உட்கார்வதில் ஒரு குறையும் இல்லை. தரையில் உட்கார முடியாததை அம்மா தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் ஆபரேஷன் செய்துகொண்டது வலியில்லாமல் நடக்கத்தான்.

நடையைத் திருத்த வேண்டும். இடது குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும், பிறகுதான் பாதம். அந்தக் காலில் பாரம் ஏறும்போது முட்டியை நீட்டி நிற்க வேண்டும். வாக்கரைப் பிடித்துக் குனிந்து நடந்தால் இது வராது. வாக்கரின் உயரம் மணிக்கட்டு மட்டத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். குதிகால் ஊன்றுவது பழகியதும் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகு ஒற்றைக் கைத்தடிக்கு மாறலாம். தடி வலது கையில் இருக்க வேண்டும். ஆபரேஷன் ஆன பக்கத்திலேயே பிடிக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும், அது தப்பு. படியில் ஏறும்போது வலது கால் முதலில், இறங்கும்போது இடது கால் முதலில், கை கைப்பிடியில்.

பலத்துக்கு நான் மிகவும் நம்பும் பயிற்சி, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. அம்மா எழும்போது பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். பெரும்பாலும் இடது காலை முன்னால் நீட்டிவிட்டு, முழுப் பாரத்தையும் வலது காலிலும் கைகளிலும் போட்டு எழுவார். அப்படி நூறு முறை எழுந்தாலும் இடது தொடைக்கு ஒரு பயனும் இல்லை. இடது பாதத்தை வலது பாதத்தோடு சமமாகப் பின்னுக்கு இழுத்து வைத்து எழ வேண்டும். 80 டிகிரியில் அது தாழ்ந்த நாற்காலியில் முடியாது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோடு ஒட்டி வையுங்கள், உயரம் கிடைத்துவிடும். எழுவதைவிட உட்காருவதில்தான் பலன் அதிகம். தொப்பென்று விழாமல், மூன்று எண்ணியபடி மெதுவாக இறங்க வேண்டும். எட்டு முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. சுலபமாகத் தோன்றும் நாளில் ஒரு நாற்காலியை எடுத்துவிடுங்கள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த ஒரு படியில் இடது காலை வைத்து ஏறி இறங்குவது. அரை நிமிடத்தில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எத்தனை முறை எழ முடிகிறது என்று மாதம் ஒரு தடவை எண்ணுங்கள். இந்த வயதுப் பெண்களுக்கு 12 வந்தால் கால் பலம் தேவலாம் என்று பொருள். இப்போது மூன்று வந்தாலும் கவலை வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் பாசம் அதிகமானால் நோயாளி உட்கார்ந்தே இருப்பார். தண்ணீர் கையில் வரும், சாப்பாட்டுத் தட்டு கட்டிலுக்கு வரும், "நீ எழுந்திருக்காதம்மா" என்று எல்லோரும் சொல்வார்கள். அம்மாவுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அவருடைய தண்ணீர் சொம்பை அடுத்த அறையில் வைப்பதுதான். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி நடக்கட்டும். கீரை ஆயட்டும், நின்றபடி இரண்டு தோசை வார்க்கட்டும். விழுந்துவிடாமல் தரையை ஈரமில்லாமல் வைத்திருங்கள், கால் தடுக்கும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள். அதுவே போதும்.

பிசியோதெரபிஸ்டை மறுபடி வரவழையுங்கள். பழையவரே ஆனாலும் பரவாயில்லை. "அலறும் அளவுக்கு வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம், முதலில் நீட்டுவதைப் பாருங்கள்" என்று பேசிக்கொள்ளுங்கள். செலவு பாரமாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முட்டியைத் தானாக மடக்கி நீட்டும் மெஷினை வாடகைக்கு எடுக்கச் சொல்லி யாராவது வந்தால், அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்ததில், அதனால் மடக்கத்தில் கிடைத்த லாபம் இரண்டு டிகிரி அளவில்தான் இருந்தது. அம்மாவின் தசை வேலை செய்யாமல் மெஷின் வேலை செய்து என்ன பயன்?

சில அறிகுறிகளுக்குப் பயிற்சி பதில் அல்ல. கெண்டைக்கால் இறுகி வலித்து வீங்கினால் அன்றே டாக்டரைப் பாருங்கள்; இரத்தக்கட்டாக இருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். காய்ச்சல், தழும்பிலிருந்து நீரோ சீழோ வடிவது, நாளுக்கு நாள் கூடும் சிவப்பு, இவை கிருமித் தொற்றாக இருக்கலாம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கீழே விழுந்த பிறகு திடீரென்று காலைத் தூக்கவே முடியாமல் போனாலும் அப்படித்தான்.

டாக்டரிடம் போகும்போது நான்கு விஷயங்களை எழுதி எடுத்துப் போங்கள்: ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்கியது, இப்போது எவ்வளவு மடங்குகிறது, குதிகாலைத் தாங்கி வைத்தால் எவ்வளவு நீள்கிறது, காலைக்கும் மாலைக்கும் முட்டிச் சுற்றளவு எவ்வளவு. இறுக்கத்துக்குக் கிருமித் தொற்று எதுவும் காரணம் இல்லையே என்று கேளுங்கள். மயக்கம் கொடுத்து மடக்க வேண்டி வந்தால் எந்த வாரத்துக்குள் முடிவு செய்வார் என்றும் கேளுங்கள். அப்படிச் செய்தால் மறுநாளிலிருந்தே பயிற்சி தொடர வேண்டும், இல்லையென்றால் கிடைத்தது மறுபடி போய்விடும். அதனால் பிசியோதெரபிஸ்டை முன்பே பேசி வைத்துக்கொண்டு போங்கள். வலது முட்டியின் ஆபரேஷனைப் பற்றி இப்போதே பேச்செடுத்தால் அம்மா மிரண்டுவிடுவார். இடது கால் அவரைத் தாங்க ஆரம்பித்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.